ஏஆர்-3ஏ ஒலிபெருக்கிக்கு எந்த ஃபியூஸ்: வேகமானதா, தாமதமானதா?

1967இல் அமெரிக்காவின் அக்கூஸ்டிக் ரிசர்ச் வெளியிட்ட ஏஆர்-3ஏயில் தாழ்ந்த ஒலிக்கு 12 அங்குல வூஃபரும், உச்ச ஒலிக்கு முக்கால் அங்குல டோம் (குவிமாட வடிவ) ட்வீட்டரும் உண்டு. வூஃபர் முரட்டு ஆள். ட்வீட்டரின் சுருளோ மயிரிழைக் கம்பி. இரண்டுக்கும் ஒரே ஃபியூஸை நம்புவது வீண்.

தாமதமாக உருகும் ஃபியூஸின் உலோக மூடியில் 'டி' என்ற எழுத்து இருக்கும். குறித்த அளவைப்போல் பத்து மடங்கு மின்னோட்டத்தையும் அது 300 மில்லிவினாடி வரை தாங்கக்கூடும். டிரம் அடியின் திடீர் எழுச்சிக்கு அசையாது. ஆம்ப்ளிஃபயர் பழுதாகி நேர்த்திசை மின்னோட்டம் விடாமல் பாய்ந்தால் அறுந்துவிடும். வூஃபருக்கு எமன் அந்த மின்னோட்டம்தான். ஆனால் இந்த ஃபியூஸ் அறுவதற்குள் ட்வீட்டர் கருகிவிடலாம்.

'எஃப்' குறியுள்ள வேகமான ஃபியூஸ் அதே சுமையில் 20 மில்லிவினாடிக்குள் அறும். இதைப் பொது இணைப்பில், அதாவது முழுப் பெட்டிக்கும் மின்னோட்டம் வரும் கம்பியில் போட்டால் சத்தம் கூடும்போதெல்லாம் போகும். சலித்துப்போனவர் கடைசியில் வெள்ளித்தாளைச் சுற்றிவிடுவார். பிறகு பாதுகாப்பாவது, ஒன்றாவது!

என் தேர்வு: பொது இணைப்பில் 'டி', ட்வீட்டர் இணைப்பில் மட்டும் சிறிய 'எஃப்'. பொது ஃபியூஸ் 2 ஆம்பியர் என்றால், நான்கு ஓம் சுமையில் அது தொடர்ச்சியாக 16 வாட். குறைவாகத் தோன்றும், வீட்டில் கேட்கும் இசையின் சராசரி அதற்கும் கீழேதான்.

ஃபியூஸ் ஒலியைக் கெடுக்கும் என்பார்கள். கம்பி சூடாகும்போது மின்தடை மாறுவது உண்மை. எல்லையை ஒட்டி உழைக்கும் ஃபியூஸில்தான் அது பொருட்படுத்தத்தக்கது. கண்ணாடிக்குள் கம்பி தொய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.