பேரவை நிதியில் எதைச் செய்யலாம்: ஆர்.ஓ. எந்திரமா, மரக்கன்றா, மழைநீர்க் கிணறா?

வடசென்னைக் கல்லூரி ஒன்றில் புதிய மாணவர் பேரவை பொறுப்பேற்று, வளாகத்துக்கு நிலையாக ஏதேனும் செய்ய வேண்டும் என்று கூடிப் பேசும்போது, பெரும்பாலும் மூன்று யோசனைகளே முன்னுக்கு வருகின்றன: தண்ணீரில் கரைந்த உப்பை நீக்கும் ஆர்.ஓ. குடிநீர் எந்திரம் வைப்பது, மரக்கன்றுகள் நடுவது, பாழடைந்து கிடக்கும் மழைநீர் சேகரிப்பைச் சீர்செய்வது. நுழைவாயில் வளைவும் சுவர் ஓவியமும் யாராவது ஒருவர் நினைவில் எப்போதும் இருக்கும். அவற்றைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. நான் பேரவையில் இருந்த ஆண்டில், கடலுக்கு அருகிலுள்ள எங்கள் வளாகத்தில் மூன்றாவது யோசனையைத் தேர்ந்தெடுத்தோம். இன்று யார் வந்து கேட்டாலும் அதையே சொல்வேன் என்பதால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

ஆர்.ஓ. எந்திரத்துக்கு ஆதரவு எளிதில் கிடைக்கும். பகல் பன்னிரண்டு மணிக்கு வகுப்பு முடிந்து வெளியே வரும் பிள்ளைகளுக்குக் குளிர்ந்த நல்ல தண்ணீர் கிடைப்பதை யாரும் குறை சொல்ல முடியாது; கேன் தண்ணீருக்குத் துறைதோறும் பணம் வசூலிக்கும் வழக்கமும் குறையும். ஆனால் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலையைப் பலரும் செய்வதில்லை. தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவை, பேனா அளவிலான ஒரு சிறு கருவியால் அரை நிமிடத்தில் பார்த்துவிடலாம். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருந்தால் இந்திய தர நிர்ணயப்படி அது ஏற்கத்தக்க அளவு. அதற்குக் கீழே உப்புள்ள தண்ணீருக்கு ஆர்.ஓ. முறையைத் தடை செய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே 2019-இல் கூறியிருக்கிறது. ஏரித் தண்ணீரோ மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் தண்ணீரோ குழாயில் வரும் வளாகத்தில் உப்பு நீக்கும் எந்திரத்துக்குத் தேவையே இல்லாமல் போகலாம். சாதாரண வடிகட்டியும் மாதம் ஒருமுறை கழுவிய தொட்டியும் போதும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையே நம்பியிருக்கும் வளாகமாக இருந்தால் ஆர்.ஓ. தவிர்க்க முடியாததாகலாம். அங்கும், ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் எடுப்பதற்குள் அதைவிட அதிகமான தண்ணீர் கழிவாக வெளியேறும் என்பதை முன்கூட்டியே கணக்கில் கொண்டு, அந்தக் கழிவு நீரைக் கழிவறைக்குத் திருப்பக் குழாய் போட வேண்டும்.

மரக்கன்று நடுவது செலவு குறைந்தது. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களும் உடனே கைகொடுப்பார்கள். இடர்ப்பாடு முழுவதும் நாட்காட்டியில் இருக்கிறது. உலகச் சுற்றுச்சூழல் நாளை ஒட்டி ஜூன் மாதம் நட்டால், சென்னையில் வெயில் இன்னும் தணிந்திராது. நம் ஊருக்குரிய மழையோ ஐப்பசியில்தான் தொடங்கும். ஐப்பசியில் நட்டால் கன்று வேர் பிடிக்கும், ஆனால் ஏப்ரலில் தேர்வு முடிந்து வளாகம் காலியான பிறகு, தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாத கோடையை அது தனியே தாண்ட வேண்டியிருக்கும். குறைந்தது இரண்டு கோடைகளை யாராவது பொறுப்பேற்றுக் காப்பாற்றினால் மட்டுமே கன்று மரமாகும். எந்த மரம் என்பதும் முக்கியம். 2016 டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் நகரெங்கும் மரங்களைச் சாய்த்ததைப் பார்த்தவர்கள், வேகமாக வளர்ந்து பூத்துக் குலுங்கும் என்பதற்காக மட்டும் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். உப்புக் காற்றுக்குப் பழகிய பூவரசும் புன்னையும் புங்கமும் நம் கடலோரத்துக்கு ஏற்றவை.

மூன்றையும் எடைபோட எங்களுக்கு உதவியது விலை அன்று. பேரவையின் பதவிக்காலம் ஓராண்டு. அந்த ஓராண்டு முடிந்தபின் இதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கேள்விதான் எங்கள் விவாதத்தை முடித்து வைத்தது. கல்லூரித் தேர்தல்களுக்கான லிங்டோ குழுவின் பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் 2006-இல் ஏற்றுக்கொண்டது. அவற்றின்படி ஆண்டுதோறும், கல்லூரி திறந்த ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் தேர்தல் நடக்க வேண்டும். தேர்தல் இல்லாமல் நியமனம் நடக்கும் கல்லூரிகளிலும் ஏறத்தாழ ஆகஸ்ட், செப்டம்பரில்தான் புதிய பேரவை அமைகிறது. ஆர்.ஓ. எந்திரத்தின் வடிகட்டிகளை ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். உள்ளிருக்கும் சவ்வையும் சில ஆண்டுகளில் மாற்ற வேண்டும். பராமரிப்பு ஒப்பந்தத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கப் பணம் வேண்டும். முந்தைய பேரவை வைத்துவிட்டுப் போன எந்திரத்துக்குத் தன் நிதியைக் கொடுக்க அடுத்த பேரவை பெரும்பாலும் முன்வராது, அதற்கென்று ஒரு கனவு இருக்கும். கல்லூரி அலுவலகமோ அது பேரவை வாங்கிய பொருள் என்று சொல்லும். அரசுக் கல்லூரியாக இருந்தால் மின்இணைப்புக்கும் குழாய்க்கும் பொதுப்பணித் துறைக்குக் கோப்பு அனுப்ப வேண்டிய வேலையும் சேர்ந்துகொள்ளும். இந்தக் கைமாற்றத்தில்தான் எந்திரங்கள் செயலிழந்து, மேலே பழைய நாளிதழ்களை அடுக்கி வைக்கும் இடமாகி நிற்கின்றன. மரக்கன்றும் இதே இடைவெளியில்தான் வாடுகிறது: நட்டவர் விடைபெறும் மாதமும் கன்றுக்குத் தண்ணீர் அதிகம் தேவைப்படும் மாதமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன.

மழைநீர் சேகரிப்புக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பர் இறுதியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ, மொட்டை மாடியைக் கூட்டி, குழாய் வாய்களைத் திறந்து, வடிகட்டும் தொட்டியைச் சுத்தம் செய்தால் அந்த ஆண்டின் முக்கியமான வேலை முடிந்துவிடும். புதிய பேரவை பொறுப்பேற்று, எதையாவது செய்து காட்ட வேண்டும் என்ற வேகத்தோடு இருக்கும் நாட்களும் இவைதாம். பராமரிப்பு நாளும் பதவியேற்பும் இப்படி அடுத்தடுத்து வருவது வேறெந்தத் திட்டத்துக்கும் வாய்ப்பதில்லை. என் சாய்வுக்கு முதற்காரணம் இதுவே.

இரண்டாவது காரணம், பெரும்பாலும் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை என்பது. தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதால், பழைய கல்லூரிகள் பலவற்றில் குழாயும் தொட்டியும் அப்போதே அமைக்கப்பட்டிருக்கும். எங்கள் வளாகத்திலும் இருந்தன. சிமெண்ட் மூடியை நெம்பித் தூக்கியபோது கறுத்த சேறும் மக்கிய இலையும் பிளாஸ்டிக் தேநீர்க் கோப்பைகளும்தான் கண்ணுக்குத் தெரிந்தன. வாளி வாளியாக அள்ளிய பிறகு, அடியில் மணலும் அதற்குக் கீழே கூழாங்கல்லும் உடைத்த செங்கல்லும் முன்னே யாரோ அக்கறையோடு பரப்பி வைத்தபடியே இருந்தன. மாடியிலிருந்து இறங்கும் குழாய் தரைக்கு ஒரு முழம் மேலே உடைந்து, அத்தனை தண்ணீரையும் தெருக் கால்வாய்க்கு அனுப்பிக்கொண்டிருந்தது. உடைந்த அந்தக் குழாய்த் துண்டை மாற்றி, கூழாங்கல்லைக் கழுவிப் போட்டு, வடிந்த நீரைப் பழைய உறைக் கிணற்றுக்குத் திருப்பியதுதான் முக்கியமான வேலை. கிணற்றைத் தூர் வாரும் வேலையை அனுபவமுள்ள தொழிலாளர்களிடம், உரிய பாதுகாப்போடு ஒப்படைக்க வேண்டும். நச்சுவாயு தேங்கியிருக்கும் இடத்தில் எந்த ஆர்வத்தின் பேரிலும் மாணவர்களை இறக்கக் கூடாது. கிணற்றின் மேல் கொசு நுழையாத வலை போடுவதும் கட்டாயம்.

இதில் எவ்வளவு தண்ணீர் கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை, அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஆயிரம் சதுர மீட்டர் மாடியில் விழும் மழையில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 11 லட்சம் லிட்டர் நிலத்துக்குள் இறங்கும். 12,000 லிட்டர் லாரியில் அளந்தால் 90 லாரிக்கு மேல். 2019-இல் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, லாரிக்காகக் காத்துக் கிடந்த கோடையை வடசென்னையில் யாரும் மறந்திருக்க முடியாது.

கிணற்றுத் தண்ணீர் முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் மாணவியர் கழிவறை. தண்ணீர் நின்றுபோகும் கழிவறையை நினைத்து, வீட்டிலிருந்து புறப்பட்டது முதல் தண்ணீரே குடிக்காமல் மாலைவரை இருக்கும் பெண்கள் இங்கே எத்தனையோ பேர். அவர்களுக்கு வாசலில் ஆர்.ஓ. எந்திரம் வைத்து மட்டும் பயனில்லை. இதை எங்கள் கூட்டத்தில் ஒரு முதலாண்டு மாணவி எழுந்து சொன்னபோது, அதற்குமேல் யாரும் மறுத்துப் பேசவில்லை.

இதன் குறைகளையும் சொல்ல வேண்டும். குடிநீர்ச் சிக்கல் இதனால் தீராது. தண்டையார்பேட்டையில் 2013-இல் எண்ணெய்க் குழாய்க் கசிவு நிலத்தடி நீரில் கலந்தது போன்ற நிகழ்வுகளுக்குப் பிறகு, இந்தப் பகுதியின் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்காமல் வாயில் வைப்பது தவறு. எங்கள் கிணற்றில் உப்பு குறைந்தது உண்மை. அது எங்கள் வேலையாலா, அந்தப் பருவத்தில் மழை நன்றாகப் பெய்ததாலா என்று பிரித்துச் சொல்லும் அளவுக்கு என் அனுபவம் நீண்டதில்லை. எங்களுக்குப் பின் வந்த பேரவை தொட்டியைச் சுத்தம் செய்தது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும். அதற்கு, செய்ய வேண்டியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி கல்லூரி முதல்வர் அலுவலகத்திலும் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலரிடமும் கொடுத்து வைத்தது உதவியது.

மண்ணும் ஒத்துழைக்க வேண்டும். கடலோர மணல், நீரை வேகமாக உறிஞ்சிக்கொள்ளும். வியாசர்பாடி போல மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும் தாழ்வான, இறுகிய மண்ணுள்ள வளாகத்தில், தொட்டி நிரம்பி வழிந்து முற்றத்துக்கே திரும்பி வரலாம். அங்கே கிணறும் இல்லையென்றால், நான் பேரவையில் இருந்தாலும் மரத்தையே தேர்ந்தெடுப்பேன். ஐப்பசியில் பூவரசு நட்டு, கோடை விடுமுறைக்குத் தண்ணீர் ஊற்றும் தோட்டக்காரருக்கு உரிய கூலியை நடும் நாளிலேயே நிதியிலிருந்து ஒதுக்கி வைத்துவிடுவேன்.