சுங்கை சிப்புட் விளையாட்டுக் கடையில் பேஸ்பால், சாஃப்ட்பால் சாமான்: எதை எடுக்கலாம், எதை விடலாம்

வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிகளும் தோட்டத்து இளைஞர் மன்றங்களும் கோப்பைக்கும் ஜெர்சிக்கும் வழக்கமாக ஏறி இறங்கும் கடைதான் இது. இப்போது உள்சுவர் ஒன்றை முழுக்க பேஸ்பாலுக்கும் சாஃப்ட்பாலுக்கும் ஒதுக்கியிருக்கிறார்கள். இனி ஒரு குளோவுக்காக ஈப்போவுக்கு வண்டி எடுக்க வேண்டியதில்லை. குளோவ், பந்து, பேஸ் (ஓடுபவர் மிதிக்கும் தளம்) மூன்றையும் தாராளமாக இங்கேயே வாங்கலாம். மட்டையும் ஹெல்மெட்டும் தர முத்திரையைப் பார்த்த பிறகுதான். ‘முழு செட்’ என்று பையில் போட்டு விற்கும் கேட்சர் (அடிப்பவருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) சாமான் முழு செட் அல்ல.

முத்திரை, முத்திரை என்று ஏன் இத்தனை கவலை என்றால், சிறுவர் ஆட்டத்தின் பாதுகாப்பு விதிகள் கடந்த சில ஆண்டுகளில் நிறைய மாறிவிட்டன. அமெரிக்காவின் சிறுவர் பேஸ்பால், சாஃப்ட்பால் அமைப்பான லிட்டில் லீக்கின் விதிகள் நம் பள்ளித் திடலைக் கட்டுப்படுத்தாது, உண்மைதான். ஆனால் கடைக்கு வரும் சரக்கு பெரும்பாலும் அந்த விதிகளை வைத்துச் செய்யப்படுவது. விதி மாறியதும் அங்கே விலை போகாத பழைய சரக்கு எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்?

மட்டைத் தட்டில் அது கண்ணுக்கு நேராகவே தெரிகிறது. சாஃப்ட்பால் மட்டை, சிறுவர் பேஸ்பால் மட்டை, டீ-பால் (பந்தைக் கம்பத்தின் மேல் வைத்து அடிக்கும் சின்னப் பிள்ளைகள் ஆட்டம்) மட்டை மூன்றும் ஒரே தட்டில் கலந்து நிற்கின்றன. எல்லாம் பளபளக்கும் அலுமினியம், விலை ஏறக்குறைய 60 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 180 வெள்ளி வரை. சில மட்டைகளில் ‘பி.பி.எஃப். 1.15’ (மட்டை பந்தை விரட்டும் திறனின் அளவு) என்ற முத்திரை மட்டும் இருக்கிறது, மட்டையின் தடித்த பகுதியான உருளையின் விட்டம் 2¼ அங்குலம். 2017 வரை லிட்டில் லீக்கில் செல்லுபடியான மட்டை இதுதான். 2018 ஜனவரி 1 முதல் ‘யூ.எஸ்.ஏ. பேஸ்பால்’ முத்திரை இல்லாத அலுமினிய, காம்போசிட் மட்டைகளை அங்கே திடலுக்குள் கொண்டுவர முடியாது. பந்து மட்டையிலிருந்து மரமட்டையில் பட்டதுபோலவே கிளம்ப வேண்டும், அதைவிட வேகமாகப் பாயக்கூடாது என்பதுதான் புதிய தரத்தின் நோக்கம். உருளை 2⅝ அங்குலம் வரை தடிக்கலாம், நீளம் 33 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. ‘யூ.எஸ்.எஸ்.எஸ்.ஏ.’ என்று அச்சிட்ட மட்டைகளும் தட்டில் உண்டு. அவை வேறொரு அமைப்பின் போட்டிகளுக்கானவை, பந்தை இன்னும் வேகமாக விரட்டும். பிட்சர் (பந்தெறிபவர்) 14 மீட்டர் தூரத்தில் நிற்கும் சிறுவர் ஆட்டத்துக்கு அந்த வேகம் வேண்டவே வேண்டாம்.

சில மட்டைகளில் விலைச்சீட்டை முத்திரையின் மேலேயே ஒட்டியிருக்கிறார்கள். உரித்துக் காட்டச் சொல்லுங்கள், முகம் சுளிக்காமல் காட்டுகிறார்கள். பிறகு உருளை முழுவதையும் விரல் நகத்தால் ஒரு சுற்றுத் தடவுங்கள். காட்சிக்கு வைத்த மட்டைகளைக் கடைக்கு வரும் பையன்கள் தரையில் தட்டிப் பார்த்திருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத பள்ளம் நகத்துக்குத் தெரியும். மட்டையைக் காதோரம் வைத்துக் குலுக்கினால் கடகடவென்று சத்தம் வந்தால் நுனி மூடியோ உள்ளே உள்ள பசையோ விட்டிருக்கிறது, தொட வேண்டாம்.

சாஃப்ட்பால் மட்டையால் பேஸ்பாலை அடிப்பது நம் பள்ளிகளில் சாதாரணமாக நடக்கிறது. சாஃப்ட்பால் பெரியது, உறுதி குறைந்தது, அதற்கேற்ப அந்த மட்டையின் சுவர் மெல்லியது. கடினமான பேஸ்பாலை அடித்தால் சீக்கிரமே சொட்டை விழும், பிறகு விரிசல். டீ-பால் மட்டை இன்னும் மெல்லியது. டீ-பால் பந்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கிறது, தட்டில் அதைத் தனியாகப் பிரித்து வைத்தால் நல்லது. எடையில் குழப்பம் வந்தால், ‘மைனஸ் 10’ என்பது 30 அங்குல மட்டை 20 அவுன்ஸ் எடை என்று பொருள். பத்து வயதுப் பிள்ளைக்கு 28 முதல் 30 அங்குலம் போதும்.

கடையின் நல்ல மட்டை மூலையில் சாத்தி வைத்திருக்கும் ஒற்றைத் துண்டு மரமட்டைதான். அப்படிப்பட்ட மரமட்டைக்கு ‘யூ.எஸ்.ஏ. பேஸ்பால்’ முத்திரையே தேவையில்லை. விளம்பர அட்டை கிடையாது, நிறமும் கிடையாது, அதனாலோ என்னவோ யாரும் கேட்பதில்லை.

ஹெல்மெட்டில் பார்க்க வேண்டியது ‘என்.ஓ.சி.எஸ்.ஏ.இ.’ (அமெரிக்க விளையாட்டுச் சாதனப் பாதுகாப்புத் தர அமைப்பு) முத்திரை, சுருக்கமாக ‘நாக்சி’ என்பார்கள். வழக்கமாக வெளி ஓட்டின் பின்பக்கம் இருக்கும். கடைப் பையனிடம் கேட்டால் சிரிம் (மலேசியத் தர முத்திரை) ஒட்டியிருப்பதைக் காட்டுவான். மோட்டார் ஹெல்மெட்டுக்குச் சிரிம் சரி, பந்தடிக்கு அது பேசாது. அளவு பார்க்கும்போது முன்விளிம்பு புருவத்துக்கு மேல் சுமார் ஓர் அங்குலத்தில் நிற்க வேண்டும், காதுத் துளை காதுக்கு நேராக இருக்க வேண்டும், தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடக்கூடாது. பிள்ளை வளரும் என்று ஓர் அளவு பெரிதாக வாங்குவது சட்டைக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. இரண்டு காதும் மூடிய வகையைத்தான் எடுக்க வேண்டும்.

இந்தக் கடை தரும் ‘இலவசச் சேவை’ ஒன்றை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஹெல்மெட்டில் பள்ளிச் சின்னம் ஒட்டி, விளையாட்டு இல்லத்தின் நிறத்தில் ஸ்ப்ரே அடித்துத் தருகிறார்கள். பார்க்க அழகுதான். பெயின்டிலும் பசையிலும் உள்ள கரைப்பான் சில பிளாஸ்டிக் ஓடுகளைப் பலவீனமாக்கும். தயாரிப்பாளர் அனுமதிக்காத பெயின்டோ ஒட்டியோ இருந்தால் லிட்டில் லீக்கில் நடுவர் அந்த ஹெல்மெட்டை ஒதுக்கிவிடுவார். கன்னத்தை மறைக்கும் துண்டைத் துளை போட்டு மாட்டித் தருவதும் அதே கதை, அதே தயாரிப்பாளர் அந்த மாடலுக்கென்று செய்த துண்டாக இருந்தால் ஒழிய. வாங்கியதைத் தகரக் கூரை ஸ்டோரில் குவித்து வைத்தால் உள் நுரையின் பசை உருகி நுரை கழன்றுவிடும். அப்படிக் கழன்றதைச் சூப்பர் குளூ போட்டு ஒட்டித் தலையில் மாட்டக்கூடாது.

கேட்சர் பையில் முகமூடி, மார்புக் கவசம், கால் கவசம் மூன்றும் இருக்கின்றன. முகமூடிக்குக் கீழே தொங்கும் தொண்டைக் காப்பு இல்லை. பந்து எகிறினால் நேரே குரல்வளையில் படும் என்பதால், கீழ்ப்பக்கம் நீண்ட முகமூடியாக இருந்தாலும் தொங்கும் காப்பு கட்டாயம் என்பது லிட்டில் லீக் விதி. தனியாகக் கேட்டால் உள்ளேயிருந்து எடுத்துத் தருகிறார்கள், முகமூடியின் கீழ்க் கம்பிகளில் கட்டிக்கொள்ளலாம். பையன்களுக்குக் கவட்டைக் காக்க உள்ளே அணியும் கப் கவசமும் பையில் கிடையாது, கேட்சருக்கு அதுவும் விதிப்படி கட்டாயம்.

மார்புக் கவசத்தில் விஷயம் இன்னும் ஆழமானது. இதயத் துடிப்பின் ஒரு சுற்றில் சில மில்லி வினாடி மட்டுமே நீடிக்கும் ஓர் இடைவெளி உண்டு. சரியாக அந்த நேரத்தில் பந்து நெஞ்சில் பட்டால், விலா எலும்பு உடையாமலேயே துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடக்கூடும். வெறும் நுரை இதைத் தடுக்கும் என்று சொல்ல முடியாது. இதற்கென்றே ‘நாக்சி’ 2017-இல் தனித் தரம் வெளியிட்டது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் 2020 ஜனவரி 1 முதல் கேட்சருக்கு அந்தத் தரமுள்ள கவசம் கட்டாயம். இந்தக் கடையில் அந்த முத்திரையோடு கிடைப்பது ஒரே மாடல், ‘முழு செட்’ பைக்குள் வருவது அதுவல்ல. விலை கிட்டத்தட்ட இரட்டிப்பு. பெற்றோர் ஆசிரியர் சங்கக் காசு போதவில்லை என்றால் ஜெர்சியைக் குறைத்துக்கொண்டு இதை எடுக்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து. நெஞ்சில் பட்டு விழுந்த பிள்ளைக்கு உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும், சில நிமிடங்களுக்குள் ஏ.இ.டி. (மின்னதிர்ச்சி கொடுத்து இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி) வேண்டும். அது அருகில் எங்கே இருக்கிறது என்று போட்டிக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பேஸ்தான் இந்தக் கடையின் பெருமை. பல திடல்களில் ரப்பர் பாயை நீள ஆணி அடித்து நிறுத்துவது வழக்கம். வழுக்கி வரும் கால் அசையாத பேஸில் முட்டினால் கணுக்கால் போய்விடும். இங்கே கழன்று விலகும் பேஸ் வைத்திருக்கிறார்கள். அடித்தட்டு மண்ணில் பதிந்திருக்கும், மேல்பகுதி மோதினால் கழன்றுவிடும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சாஃப்ட்பால் ஆட்டங்களை வைத்துச் செய்த, 1988-இல் வெளியான ஆய்வில் அசையாத பேஸில் 45 காயங்கள், கழலும் பேஸில் 2. ஆட்டங்களின் எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றே. லிட்டில் லீக் 2008-இல் இதைக் கட்டாயமாக்கியது. செம்மண் திடலில் மழைக்குப் பிறகு அடித்தட்டுக்குள் சேறு அடைத்துக்கொள்ளும். சுரண்டி எடுக்காமல் பொருத்தினால் கழல வேண்டிய பேஸ் கழலாது. முதல் பேஸுக்கு வெள்ளையும் ஆரஞ்சும் சேர்ந்த இரட்டை பேஸும் உண்டு. ஆரஞ்சுப் பாதி ஃபவுல் கோட்டுக்கு (ஆடுகள எல்லைக் கோட்டுக்கு) வெளியே வர வேண்டும், ஓடி வருபவர் அதை மிதிப்பார், பிடிப்பவர் வெள்ளையை மிதிப்பார். மாற்றிப் போட்டால் இருவரும் மோதுவதற்கு நாமே வழி செய்ததாகிவிடும்.

பந்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு அடி குறைவாக விழும் மெத்தென்ற பந்து ‘லெவல் 1’, ‘லெவல் 5’ என்று எண் போட்டுக் கிடைக்கிறது. எண் கூடினால் பந்து இறுகும், ஏழு வயது வரை 1 போதும். குளோவ் வாங்கும்போது எறியும் கை எது என்பதைச் சொல்லுங்கள். ‘வலக்கை’ என்று மட்டும் சொன்னால் வலக்கையில் மாட்டும் குளோவைக் கட்டித் தந்துவிடுகிறார்கள், வலக்கையால் எறிபவருக்கு வேண்டியது இடக்கைக் குளோவ். தோல் குளோவ் நனைந்தால் பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் காயவைக்க வேண்டும், இல்லையென்றால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடும்.

கல்லாப் பக்கத்தில் பிட்சரின் வீச்சுகளை விரலால் அழுத்தி எண்ணும் சின்னக் கருவி ஒன்று கிடக்கிறது, பத்து வெள்ளிக்கும் குறைவு. இந்தக் கடையிலேயே காசுக்குப் பெறுமானமான பொருள் அதுதான். லிட்டில் லீக்கில் ஒரு நாளைக்கு 9–10 வயதுப் பிட்சருக்கு 75 வீச்சு, 11–12 வயதுக்கு 85 வீச்சுதான் எல்லை. 14 வயது வரை 66-ஐத் தொட்டுவிட்டால் நான்கு நாள் ஓய்வு. எண்ணுவதற்கு ஆளில்லாத அணியில் நன்றாக எறியும் ஒரே பிள்ளையின் தோளும் முழங்கையும்தான் பலியாகும்.

பள்ளிகளின் எல்.ஓ. (கொள்முதல் ஆணை) எடுத்துக்கொள்கிறார்கள். பத்துப் பொருளுக்கு மேல் எடுத்தால் கேட்காமலே விலை குறைக்கிறார்கள். ரசீதில் ‘மட்டை 4’, ‘ஹெல்மெட் 6’ என்று மட்டும் எழுதும் பழக்கம் இருக்கிறது. மாடல் பெயரையும் முத்திரையையும் எழுதச் சொல்லி வாங்குங்கள், மாற்ற வேண்டி வந்தால் அது இல்லாமல் பேச முடியாது. ஞாயிறு பாதி நாள்தான் திறப்பு. மதியத்துக்கு மேல் போனால் ஷட்டரைத்தான் பார்க்கலாம்.