வண்டி 45 டிகிரி ஏறும், எஞ்சின்? ரிமோட் புல்வெட்டி அனுபவம்

மார்த்தாண்டத்தில் ஒர்க்‌ஷாப்பில் கிடந்த என் ரிமோட் புல்வெட்டி போன வாரம் வீடு வந்து சேர்ந்தது. கனெக்டிங் ராடு, பிஸ்டன் ரிங், கிராங்க் ஷாஃப்ட் எல்லாம் புதிது. ரப்பர் டிராக், பெட்ரோல் எஞ்சின், பேட்டரியில் ஓடும் இரண்டு மோட்டார் உள்ள வகை. யூடியூபில் பார்க்காதவர்கள் இருக்க மாட்டீர்கள். இப்போது விலை இறங்கியிருப்பதால் வாங்கலாமா என்று திருவட்டார், குலசேகரம் பக்கத்து ரப்பர்க்காரர்கள் பலர் கேட்கிறார்கள். மற்றதை எல்லாம் விடுங்கள். எண்ணெய் விஷயம் ஒன்றை மட்டும் சொல்லியே ஆக வேண்டும்.

45 டிகிரி சரிவில் ஏறும் என்று விற்றார்கள். வண்டி ஏறத்தான் செய்கிறது. கனமெல்லாம் தரையை ஒட்டி இருப்பதால் கவிழவும் இல்லை. ஆனால் அந்தக் கணக்கு டிராக்கின் பிடிமானத்துக்கு உரியது. மேலே உட்கார்ந்திருப்பது பம்ப்செட்டில் வரும் அதே 212 சிசி எஞ்சின். அதில் எண்ணெய் பம்ப் கிடையாது. பிஸ்டனையும் கிராங்க் ஷாஃப்டையும் இணைக்கும் தண்டுதான் கனெக்டிங் ராடு. அதன் அடியில் சின்ன நாக்கு மாதிரி ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். ராடு சுற்றும்போதெல்லாம் அது அடியில் தேங்கிய எண்ணெயில் முங்கி, மேலே வாரி அடிக்கும். அந்தத் தெறிப்பில்தான் எஞ்சினுக்கு உயிர். வண்டி சரிந்து நின்றால் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கும், நாக்கு வெறும் காற்றில் சுற்றும். இந்த வகை எஞ்சினுக்குப் பொதுவாக 20 டிகிரிதான் வரம்பு. 20 டிகிரி என்றால் கிடையாக நூறு அடி தூரத்துக்கு ஏறக்குறைய 36 அடி உயரம். நம்மூர் ரப்பர் விளையில், அதாவது தோட்டத்தில், சரிவை வெட்டிப் படிபோல் சமப்படுத்திய ஒரு பிளாட்பாரத்திலிருந்து அடுத்த பிளாட்பாரத்துக்கு இறங்கும் சரிவு அதைச் சாதாரணமாகத் தாண்டும்.

வாங்கிய புதிதில் சரிவில் இறக்கியதும் எஞ்சின் பொசுக்கென்று நிற்கும். ரிமோட் கையில் இருந்து என்ன பயன்? என்னுடைய மாடலில் கயிறு இழுத்துத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். எந்தச் சரிவில் மனிதன் இறங்கக் கூடாது என்று மெஷின் வாங்கினேனோ, அதே சரிவில் தொட்டாவாடி முள்ளுக்குள் இறங்கி, வழுக்கிக்கொண்டு கயிறு இழுத்தேன். விற்ற இடத்தில் சொன்னதும் ஆள் அனுப்பினார்கள். வந்த பையன் எஞ்சினின் பக்கவாட்டில் இருந்த ஒரு மஞ்சள் வயரைக் கழற்றி டேப் சுற்றினான். "இனி நிக்காது சாரே" என்றான். அவன் சொன்னபடியே நிற்கவில்லை. கடைசியில் ஒருநாள் டக் என்ற சத்தத்தோடு மொத்தமாக நிற்கும்வரை நன்றாகத்தான் ஓடியது.

அந்த மஞ்சள் வயர் எண்ணெய் சென்சாருடையது. எண்ணெய் குறைந்தால் எஞ்சினை அணைத்துக் காப்பாற்ற வைத்தது. சரிவில் எண்ணெய் ஒதுங்கியதும் அது தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. அதைத்தான் கோளாறு என்று பிடுங்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒர்க்‌ஷாப்பில் எஞ்சினைப் பிரித்ததும் மெக்கானிக் என் கையில் வைத்தது இரண்டாக முறிந்த ராடு. அலுமினியம் உருகி, கிராங்கில் வெள்ளிப் பூச்சாக ஒட்டியிருந்தது. அடிச்சட்டியிலோ எண்ணெய் வேண்டிய அளவு கிடந்தது. "எண்ணெய் இருக்கு அண்ணே, போய்ச் சேரல" என்றார் அவர். எனக்கு இன்னும் ஆறவில்லை. விற்பவருக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை. எஞ்சினோடு வரும் காகிதத்திலேயே சரிவு வரம்பு அச்சாகியிருக்கிறது.

புல்வெட்டியும் புதிதல்ல, அதை ரிமோட்டில் ஓட்டுவதும் புதிதல்ல. 1830-ல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர், நெசவாலையில் துணியின் மேல் பிசிறை நறுக்கும் இயந்திரத்தைப் பார்த்து முதல் புல்வெட்டியைச் செய்தார். 1959-லேயே வெப் என்ற ஆங்கிலேயக் கம்பெனி ரேடியோவில் ஓட்டும் புல்வெட்டியைக் காட்டிவிட்டது. 1995-ல் ஸ்வீடனின் ஹஸ்க்வர்னா, ஆள் இல்லாமல் வெயிலின் சக்தியில் ஓடுவதைக் கொண்டுவந்தது. இவையெல்லாம் வீட்டுப் புல்தரைக்கானவை. சரிவுக்கென்றே செக் நாட்டில் ஸ்பைடர் என்று ஒன்று செய்கிறார்கள். செங்குத்தான இடத்தில் வின்ச் என்ற கயிறு சுற்றும் உருளையில் கட்டி இறக்குவார்கள். சரிவுக்கு மெஷின் செய்ய ஆளில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நமக்கு வந்து சேர்வது டிராக் மேல் பம்ப்செட் எஞ்சினைத் தூக்கி வைத்த வண்டி.

ஆனாலும் ஒரு சந்தோஷத்தைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. இங்கே ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. வெட்டி முடித்துத் திரும்பினால் பின்னாலேயே புல் முளைத்து நிற்கும். பிரஷ் கட்டரைத் தோளில் மாட்டிச் சரிவில் நின்றால் முழங்காலில் கல் தெறிக்கும், இரவில் விரல் மடங்காது. இப்போது மேல் பிளாட்பாரத்தில் நிழலில் நின்று ஓட்டுகிறேன். கம்யூனிஸ்ட் பச்சை என்ற களைச்செடி இளசாக இருந்தால் ஒரே போக்கில் மாவாகிவிடும். எங்கள் விளையில் ரப்பர் பால் வெட்டும் அண்ணன், இருட்டில் நெற்றி லைட்டோடு மரம் மரமாகப் போகிறவர். புல் மண்டினால் காலடியில் பாம்பு கிடந்தாலும் தெரியாது. வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடந்த நாட்களில் அவர் ஒரு கம்பால் தட்டிக்கொண்டே ஒவ்வொரு மரத்துக்கும் போனதைப் பார்த்தேன். அப்போதுதான் இந்த வண்டி எவ்வளவு உதவியாக இருந்திருக்கிறது என்று புரிந்தது.

மற்ற குறைகள் சின்னவை. குறுக்காக ஓட்டினால் மூக்கு கீழ்ப்பக்கம் இழுக்கும். கட்டைவிரல் சும்மா இருக்க முடியாது. ஈரக் களிமண்ணில் டிராக் அடைத்துக்கொள்ளும். உதிரிப் பாகத்துக்கு அலைச்சல் இல்லை, பம்ப்செட் விற்கும் கடைகளிலேயே கிடைக்கிறது.

இப்போது மஞ்சள் வயரைத் திரும்ப மாட்டிவிட்டேன். பிளாட்பாரத்தில் நின்று சரிவில் கொஞ்ச தூரம் இறக்குவது, உடனே ஏற்றிச் சமதளத்தில் சற்று ஓட விடுவது, மறுபடி இறக்குவது என்று ஓட்டுகிறேன். காலையில் ஓட்டும் முன் சமதளத்தில் நிறுத்தி எண்ணெய் மேல் கோடு வரை நிற்கிறதா என்று பார்த்துவிடுகிறேன். வேலை மெதுவாகத்தான் நடக்கிறது, ஆனால் நடக்கிறது.

வாங்கலாமா என்றால், இன்றைக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். விலை இன்னும் இறங்கினாலும் அதே பதில். ராஜாக்கமங்கலம் பக்கத்துச் சமதளத் தென்னந்தோப்புக்கு பிரஷ் கட்டரே போதும். சரிவு விளைக்கு இந்த எஞ்சின் போதாது. என்னுடையதை விற்பீர்களா என்று கேட்டவர்களுக்கும் அதே வேண்டாம்தான். சரிவுக்குத்தான் வேண்டும் என்கிறவர்கள் எண்ணெய் பம்ப் வைத்த எஞ்சினா என்று கேளுங்கள். எஞ்சினின் காகிதத்தை முதலில் வாங்கி, சரிவு எத்தனை டிகிரி என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 45 சதவீதத்தை 45 டிகிரி என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்; 45 சதவீதம் என்பது 24 டிகிரிதான். அட்வான்ஸ் கொடுக்கும் முன் உங்கள் விளையின் சரிவில் ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் போனை வைத்து, டிகிரி காட்டும் ஆப்பில் அளந்து பாருங்கள். காகிதத்தைக் காட்ட மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.