நோட்புக் வெளியீடுகளைக் கிட்டுக்குள் விடாமல் மூன்று ஆண்டுகள்: என்பிஸ்ட்ரிப்அவுட் பயன்பாட்டு அனுபவம்

தருமபுரியில் ஒரு சிறிய அறையில் இருந்து மூவரும் ஓசூரில் இருந்து ஒருவருமாக நாங்கள் நால்வர், பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் வட்டாரங்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் உள்ள ஃபுளூரைடு அளவுகளைத் தொகுத்து ஆராய்ந்து வருகிறோம். அளவுகளை அட்டவணையாக்குவது, வரைபடத்தில் இடுவது, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்து சேர்ந்த ஊர்களில் மக்கள் இன்னும் எந்தக் கிணற்று நீரைக் குடிக்கிறார்கள் என்று ஒப்பிடுவது ஆகிய எல்லாமே, பைத்தான் நிரலைச் செல் என்னும் சிறு பகுதிகளாக எழுதி ஓட்டி விடையை அதன் கீழேயே பார்க்கும் ஜூபிட்டர் நோட்புக்குகளில்தான் நடக்கின்றன. நிரலும் வரைபடமும் தமிழில் எழுதிய விளக்கமும் ஒரே பக்கத்தில் நிற்பதால், கள ஆய்வுக்குப் போய் வந்தவரும் நிரல் எழுதியவரும் ஒரே திரையைப் பார்த்துப் பேச முடிகிறது. அந்த நோட்புக்குகளை, கோப்புகளின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட்டில் வைத்துப் பகிர்ந்துகொள்வதில் பட்ட சிரமங்களால், 2022 இறுதியில், நோட்புக்கின் வெளியீடுகளை (ஓடிய நிரல் தரும் விடைகளையும் படங்களையும்) கிட்டுக்குள் போகும்முன் நீக்கும் என்பிஸ்ட்ரிப்அவுட் (nbstripout) என்ற சிறு கருவிக்கு மாறினோம். மூன்று ஆண்டுகள் அன்றாடம் பயன்படுத்திய பிறகு, அது எதைத் தீர்த்தது, எதைத் தீர்க்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

மாறியதற்கு இரண்டு நிகழ்வுகள் காரணம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500, ஃபுளூரைடுக்கு லிட்டருக்கு 1.0 மில்லிகிராமை ஏற்கத்தக்க வரம்பாகவும், வேறு நீராதாரம் இல்லாத நிலையில் 1.5 மில்லிகிராமை அனுமதிக்கத்தக்க உச்ச வரம்பாகவும் வைத்திருக்கிறது. எங்கள் நோட்புக் ஒன்றில் இந்த வரம்பு ஒரு மாறியாக இருந்தது. ஒரு சோதனைக்காக அதை 1.5இல் இருந்து 1.0 என்று மாற்றிய நண்பர், திருப்பி மாற்ற மறந்து கமிட் செய்துவிட்டார், அதாவது கிட்டில் பதிந்துவிட்டார். அந்தக் கமிட்டில் மனிதர் கைவைத்தது ஒரே ஒரு வரி. ஆனால் முந்தைய பதிப்பில் இருந்து என்ன மாறியது என்று காட்டும் டிஃப்பைத் திறந்தால், மறுபடி வரையப்பட்ட ஆறு வரைபடங்களின் எழுத்துக் குவியலும் மாறிப்போன செல் எண்களும்தான் பக்கம் பக்கமாக ஓடின. நான் அதைப் பார்வையிட்டு ஒப்புதல் தந்தவன். அந்த ஒரு வரியைப் பார்க்கவில்லை. வரம்பைத் தாண்டிய கிணறுகளின் எண்ணிக்கை சட்டென்று கூடியிருப்பதை, இரண்டு வாரம் கழித்து, கள அலுவலர் ஒருவர் தம் கையேட்டோடு ஒப்பிட்டபோதுதான் கண்டுபிடித்தோம்.

இரண்டாவது நிகழ்வு இதைவிடக் கடுமையானது. தரவைச் சரிபார்க்கும் ஒரு செல்லில், பாண்டாஸ் என்ற பைத்தான் தரவு நூலகத்தின் ஹெட் கட்டளை முதல் ஐந்து வரிசைகளைக் காட்டியிருந்தது. அந்த ஐந்து வரிசைகளிலும் குடும்பத் தலைவரின் பெயர், கைபேசி எண், வீட்டுக் குழந்தைகளின் பற்களில் கறை உண்டா இல்லையா என்ற குறிப்பு ஆகியவை இருந்தன. மூலத் தரவுக் கோப்பை, கிட் எல்லாவற்றையும் சேர்த்து வைக்கும் களஞ்சியத்துக்குள் வரவிடாமல் தவிர்ப்புப் பட்டியலில் கவனமாகச் சேர்த்திருந்தோம். அதே தரவு நோட்புக்கின் வெளியீட்டின் வழியாக உள்ளே போயிருந்ததை யாருமே நினைத்துப் பார்க்கவில்லை. வெளியில் இருந்து உதவ வந்த சிலருக்கும் அந்தக் களஞ்சியம் திறந்திருந்தது. நம்பித் தம் வீட்டுக் கதவைத் திறந்துவிட்ட மக்களின் விவரத்தை இப்படிக் கைநழுவ விட்டது இன்றும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

ஏன் இப்படி ஆகிறது என்றால், நோட்புக் கோப்பு உண்மையில் ஒரு ஜேசன் கோப்பு, அதாவது அடைப்புக்குறிகளால் அமைப்பைக் காட்டும் எழுத்துக் கோப்பு. நாம் எழுதும் நிரல், அது ஓடிய பின் வந்த வெளியீடு, எத்தனையாவது முறை ஓடியது என்ற எண், எந்தப் பைத்தான் பதிப்பு என்ற குறிப்பு ஆகிய அனைத்தும் ஒரே கோப்பில் அடுக்கப்படுகின்றன. படங்கள் பேஸ்64 முறையில் எழுத்துகளாக மாற்றப்பட்டு உள்ளே செருகப்படுகின்றன. மூன்று பைட் நான்கு எழுத்தாகும் முறை என்பதால் படம் தன் அளவில் மூன்றில் ஒரு பங்கு பெருக்கிறது. புள்ளியின் நிறத்தைச் சற்று மாற்றி வரைந்தால்கூட அந்த எழுத்துச் சரத்தின் பெரும்பகுதி புதிதாகிவிடுவதால், கிட்டால் முந்தைய பதிப்போடு ஒப்பிட்டுச் சுருக்கி வைக்கவும் இயலுவதில்லை. இருவர் ஒரே நோட்புக்கை ஓட்டினால், இருவர் மாற்றங்களையும் இணைக்கும்போது மெர்ஜ் மோதல் வருகிறது. கிட் செருகும் மோதல் குறிகள் ஜேசன் அமைப்பைக் குலைப்பதால், நோட்புக் திறக்கவே மறுக்கிறது.

என்பிஸ்ட்ரிப்அவுட் இந்த இடத்தில் கிட்டின் வடிகட்டி வசதியைப் பயன்படுத்துகிறது. கமிட்டுக்கு முன் கோப்பைச் சேர்க்கும் கிட் ஆட் கட்டளையை நாம் கொடுக்கும்போது கோப்பு களஞ்சியத்துக்குப் போகும் வழியில் 'கிளீன்' என்ற வடிகட்டி ஓடி, வெளியீடுகளையும் செல் எண்களையும் நீக்கிய ஒரு வடிவத்தை மட்டும் உள்ளே அனுப்புகிறது. நம் மடிக்கணினியில் உள்ள கோப்பு தொடப்படுவதில்லை. வரைபடங்கள் திரையில் அப்படியே இருக்கின்றன. கமிட்டுக்கு முன் ஓடும் ஹூக்காக இதே கருவியை அமைப்பதும் உண்டு. ஆனால் அம்முறையில் நம் கையில் உள்ள கோப்பே வெறுமையாகிவிடும் என்பதால், நாற்பது நிமிடம் ஓடும் கணக்குகளை வைத்திருக்கும் எங்களுக்கு வடிகட்டி முறையே பொருந்தியது.

நிறுவுவது எளிது. பைத்தானின் நிறுவல் கருவியான பிப் வழியாகக் கருவியைப் போட்டு, களஞ்சியத்துக்குள் நின்று இன்ஸ்டால் தெரிவோடு ஒருமுறை ஓட்டினால் போதும். ஏற்கெனவே உள்ளே இருக்கும் நோட்புக்குகளுக்குக் கிட் ஆட் கட்டளையை ரீநார்மலைஸ் தெரிவோடு கொடுத்து, ஒரே கமிட்டில் அனைத்தையும் சுத்தம் செய்தோம். அந்தக் கமிட்டைத் தனியாக வைத்தது நல்ல முடிவு. நிரல் மாற்றத்தோடு கலந்திருந்தால் யாராலும் அதைப் படித்திருக்க முடியாது.

பெரிய பலன் எது என்று கேட்டால், நான் களஞ்சியத்தின் அளவைச் சொல்லமாட்டேன். அளவு குறைந்தது உண்மைதான். மலைப்பகுதி ஊர்களில் கைபேசி இணையத்தை வைத்துப் புல் செய்யும்போது (பிறரின் மாற்றங்களை இறக்கும்போது) அது தெரிகிறது. ஆனால் உண்மையான மாற்றம், நாங்கள் ஒருவர் மாற்றத்தை ஒருவர் படிக்கத் தொடங்கியதுதான். முன்பு டிஃப் என்பது கீழே தள்ளிவிட்டு ஒப்புதல் பொத்தானை அழுத்தும் சடங்காக இருந்தது. இப்போது ஒரு வரி மாறினால் ஒரு வரிதான் தெரிகிறது. ஓசூரில் இருப்பவர், 'இந்தக் கிணற்றை ஏன் விலக்கினீர்கள்?' என்று கேட்கிறார். பருவமழைக்கு முன் எடுத்த மாதிரியையும் பின் எடுத்த மாதிரியையும் ஒரே சராசரியில் சேர்த்த பிழையை அப்படித்தான் பிடித்தோம். தமிழில் எழுதிய விளக்கச் செல்களும் ஜேசனுக்குள் தமிழ் எழுத்துகளாகவே இருப்பதால், டிஃப்பில் நேராகப் படிக்க முடிகிறது. கோப்புப் பெயரைத் தமிழில் வைத்தால் மட்டும் கிட் அதை \340\256 என்று தொடங்கும் எண் வரிசையாகக் காட்டும். கோர்-கோட்பாத் (core.quotePath) என்ற அமைவை ஃபால்ஸ் என்று மாற்றினால் பெயர் ஒழுங்காகத் தெரியும். நிறையப் பேர் இதை அறியாமல் தமிழ்ப் பெயர்களையே கைவிட்டுவிடுகிறார்கள் என்பதால் சொல்கிறேன்.

இனி, இந்தக் கருவியை நம்பி உறங்கிவிடக் கூடாத இடங்கள். வடிகட்டியின் அமைவு களஞ்சியத்தோடு பயணிப்பதில்லை. எந்தக் கோப்புகளுக்கு வடிகட்டி வேண்டும் என்ற பட்டியலை அட்ரிபியூட்ஸ் கோப்பில் எழுதிக் கமிட் செய்யலாம். ஆனால் எந்த நிரலை ஓட்ட வேண்டும் என்பது ஒவ்வொருவர் கணினியின் கிட் கான்ஃபிக் என்ற அமைவுக் கோப்பில்தான் இருக்கும். முகம் தெரியாதவரின் களஞ்சியத்தைக் கிளோன் செய்த (நம் கணினிக்கு நகலெடுத்த) மாத்திரத்தில் அதில் உள்ள கட்டளை நம் கணினியில் ஓடக் கூடாது என்ற பாதுகாப்புக் காரணம் அதில் இருப்பதால், நான் அதைக் குறையாகச் சொல்லமாட்டேன். ஆனால் விளைவு என்னவென்றால், புதிதாகக் கிளோன் செய்தவர் நிறுவ மறந்தால் கிட் எந்த எச்சரிக்கையும் தராமல் வெளியீடுகளோடு கோப்பை ஏற்றுக்கொள்ளும். முதல் ஆண்டில் எங்களுக்கு இது இரண்டு முறை நடந்தது.

இதைவிட மறைவான ஒரு பிழை உண்டு. நிறுவும்போது, அந்த நேரத்தில் இயங்கும் பைத்தானின் முழுப் பாதை கான்ஃபிக்கில் எழுதப்படுகிறது. நான், ஒரு திட்டத்துக்கெனத் தனியாக வைக்கும் பைத்தான் அமைப்பான மெய்நிகர்ச் சூழலுக்குள் இருந்து நிறுவி, சில மாதம் கழித்து அந்தச் சூழலை அழித்துப் புதிது உருவாக்கினேன். வடிகட்டி அழைக்கும் பாதை இல்லாமல் போயிற்று. வடிகட்டி தோற்றால், 'ரெக்வயர்ட்' என்ற அமைவு இயக்கப்படாத நிலையில், கிட் கோப்பை வடிகட்டாமலே உள்ளே எடுத்துக்கொள்ளும். அதன் பிறகு ரெக்வயர்ட் அமைவை ட்ரூ என்று வைத்தோம்; இப்போது வடிகட்டி தோற்றால் கிட் ஆட் கட்டளையே நின்றுவிடுகிறது. ஆனால் அந்த அமைவும் அவரவர் கான்ஃபிக்கில்தான் இருக்கிறது என்பதால், புதியவரின் கணினிக்கு அதனால் காப்பு இல்லை. எனவே சர்வர் பக்கத்தில், வெரிஃபை தெரிவோடு அதே கருவியை ஓட்டி, வெளியீடு உள்ள நோட்புக் ஒன்று வந்தாலும் சோதனை தோல்வி என்று காட்டும்படி செய்தோம். மூன்று ஆண்டு அனுபவத்தில், உள்ளூர் வடிகட்டியும் சர்வர் சோதனையும் சேர்ந்தால்தான் இந்த ஏற்பாடு முழுமை பெறுகிறது என்பேன்.

எங்கள் குழுவில் அதிக மனத்தாங்கலை உண்டாக்கியது வேறொன்று. ஒரு நாள் காலை குழுவின் இளையவர் வந்து, "அண்ணா, நேத்து ராத்திரி ஓட்டி வெச்ச மேப் எல்லாம் காணோம், நான் எதையும் அழிக்கல" என்றார். அவர் எதையும் அழிக்கவில்லை என்பது உண்மைதான். நோட்புக்கை ஓட்டியதும் கோப்பின் அளவு மாறுவதால், கிட் ஸ்டேட்டஸ் அதை மாற்றப்பட்டது என்று காட்டும். டிஃப் கேட்டாலோ வெறுமையாக இருக்கும். அந்த நிலையில் அதே நோட்புக்குக்கு வேறொருவரின் மாற்றம் வந்திருந்தால், உள்ளூர் மாற்றம் அழிந்துவிடும் என்று சொல்லிப் புல் மறுத்துவிடும். கிட் ஆட் கொடுத்தால் அந்தக் குழப்பம் அடங்குகிறது. ஆனால் அடங்கியபின் கிட்டின் பார்வையில் அந்தக் கோப்பில் காக்க வேண்டியது எதுவும் இல்லை. எனவே அடுத்த புல், அந்த நோட்புக்கைக் களஞ்சியத்தில் உள்ள வெறும் வடிவத்தால் மாற்றி எழுதிவிடுகிறது. ஸ்டாஷ் செய்து (மாற்றங்களைத் தற்காலிகமாக ஒதுக்கிவைத்து) மீட்டாலும் இதே கதிதான். நிரல் எழுத்தில் ஓர் எழுத்துகூட இழக்கப்படவில்லை. இரவு முழுதும் ஓடிய கணக்கின் விடைகள் மட்டும் இல்லை.

இதற்குக் கருவியில் மாற்று இல்லை, வேலைமுறையில்தான் உண்டு. நீண்ட நேரம் ஓடும் கணக்கின் விடையை நோட்புக்கின் வெளியீட்டில் மட்டும் விட்டுவைக்காமல், பார்க்கே என்ற தரவுக் கோப்பாகவோ படக் கோப்பாகவோ தனி அடைவில் எழுதும்படி எல்லா நோட்புக்குகளையும் மாற்றினோம். அந்த அடைவு கிட்டின் தவிர்ப்புப் பட்டியலில் இருக்கிறது. வாரம் ஒருமுறை பொது வன்தட்டுக்கு நகலெடுக்கப்படுகிறது. அறிக்கை அனுப்ப வேண்டிய நாளில், நோட்புக்கை மேலிருந்து கீழாகப் புதிதாக ஓட்டி, என்பிகன்வெர்ட் வழியாக எச்டிஎம்எல் ஆக்கி, கோப்பின் பெயரிலேயே தேதியையும் கமிட் எண்ணின் முதல் ஏழு எழுத்துகளையும் சேர்த்து வைக்கிறோம். ஓர் எண்ணைப் பற்றி ஆட்சியர் அலுவலகத்தில் இருந்தோ ஊராட்சியில் இருந்தோ கேள்வி வந்தால், எந்த நிரல் அதைத் தந்தது என்று உடனே எடுத்துக்காட்ட முடிகிறது. வெளியீடு நோட்புக்கிலேயே தங்கியிருந்த காலத்தில் இந்த உறுதி எங்களிடம் இல்லை. செல்களை முன்னும் பின்னுமாக ஓட்டியதில் வந்த பழைய விடைகளும் புதிய விடைகளும் ஒரே பக்கத்தில் கலந்து கிடந்தன.

குறிப்பிட்ட செல்லின் வெளியீடு களஞ்சியத்தில் இருந்தே ஆக வேண்டும் என்றால், அந்தச் செல்லுக்குக் கீப்-அவுட்புட் என்ற டேக் கொடுத்தால் கருவி அதை விட்டுவிடும். புதியவர்களுக்கான பயிற்சி நோட்புக் ஒன்றில் மட்டும் இதை வைத்திருக்கிறோம். தனிநபர் விவரம் வரக்கூடிய எந்த நோட்புக்கிலும் இந்த டேக் கூடாது என்பது எங்கள் விதி. ஆளுக்கொரு பைத்தான் பதிப்பு இருந்தால் அந்தப் பதிப்பு எண் கமிட்டுக்குக் கமிட் மாறிக்கொண்டே இருக்கும்; எக்ஸ்ட்ரா-கீஸ் அமைவில் அதன் பெயரைச் சேர்த்தால் அதுவும் நீங்கிவிடும்.

ஜூப்பிடெக்ஸ்ட் என்ற கருவியையும் சில மாதம் முயன்றோம். நோட்புக்கோடு இணையாக ஒரு பைத்தான் கோப்பை வைத்து அதை மட்டும் கிட்டுக்கு அனுப்பும் முறை அது; டிஃப் இன்னும் தெளிவாக இருக்கும். நிரலே முதன்மையான குழுவுக்கு அதைத்தான் நான் பரிந்துரைப்பேன். எங்களிடம் கள அலுவலர்களும் நோட்புக்கைத் திறப்பதால், இரண்டு கோப்புகளில் எது மூலம் என்ற குழப்பம் ஓயவில்லை. என்பிடைம் என்ற இன்னொரு கருவி டிஃப் பார்க்கவும் மெர்ஜ் செய்யவும் நன்று. வெளியீடு உள்ளே போவதை அது தடுக்காது.

பழைய வரலாற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வடிகட்டி இனி வருவதைத்தான் தடுக்கும். முன்பு போனது பழைய கமிட்டுகளில் அப்படியே இருக்கும். பெயர்களும் கைபேசி எண்களும் இருந்த அந்தக் கமிட்டுகளை நீக்க, கிட் ஃபில்டர்-ரெப்போ என்ற கருவி கொண்டு வரலாற்றையே மாற்றி எழுதினோம். எல்லாக் கமிட் எண்களும் மாறின. எல்லோரும் தம் கிளோனை அழித்துப் புதிதாக எடுத்தார்கள். வெளியாட்களிடம் இருந்த நகல்களுக்கு ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து நீக்கச் சொன்னோம். அதற்கு ஒரு வாரம் ஆயிற்று; கருவியை நிறுவப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

இப்போது அரூரில் இருந்து ஒருவர் குழுவில் சேர்ந்திருக்கிறார். கிளோன் செய்ததும் நிறுவல் கட்டளையை ஓட்டி, ஸ்டேட்டஸ் தெரிவு தரும் விடையை எங்கள் குழு உரையாடலில் ஒட்டிய பிறகே அவருக்கு எழுதும் அனுமதி கொடுத்தேன். அவருடைய முதல் மாற்றம், ஒரு கிணற்றின் ஊர்ப்பெயரில் இருந்த எழுத்துப்பிழையைத் திருத்தியது. டிஃப்பில் இரண்டே வரிகள் தெரிந்தன: ஒன்று சிவப்பில், ஒன்று பச்சையில்.