வடிவம் தந்தார்கள், நூற்பட்டியலில் கோட்டைவிட்டார்கள்

பொருளடக்கத்தில் தலைப்புக்கும் பக்க எண்ணுக்கும் நடுவே வரும் புள்ளிகளை ஒவ்வொன்றாகக் கையால் தட்டியவன் நான். முதல் இயலில் ஒரு பத்தி கூடினால் போதும், பின்னால் வரும் அத்தனை எண்களும் பொய்யாகிவிடும். மறுபடியும் திருத்த உட்காருவேன். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க 12 நாள் இருக்கையில் பொறுமை போய், இணையத்தில் இயங்கும் ஒரு வடிவமைப்புச் சேவையிடம் 214 பக்கங்களையும் ஒப்படைத்தேன்.

நான்கே நாளில் கோப்பு திரும்பி வந்தது. தலைப்புகள் அனைத்துக்கும் வேர்டில் முறையாக 'ஸ்டைல்' கொடுத்திருந்தார்கள். சோதித்துப் பார்க்க, ஒரு துணைத்தலைப்பை அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவிட்டுப் பொருளடக்கத்தைப் புதுப்பித்தேன். எண்கள் தாமாகவே மாறிக்கொண்டன. அந்த ஒரு சொடுக்குக்கே கொடுத்த காசு தகும். முன்பகுதிக்கு ரோமன் எண், பைண்டிங்குக்காக இடப்பக்கம் ஒன்றரை அங்குல ஓரம், இவற்றிலும் குறையில்லை.

87ஆம் பக்கத்தில் ஓர் அகலமான அட்டவணை. அந்தப் பக்கத்தை மட்டும் படுக்கைவாட்டில் திருப்பியிருந்தார்கள், சரி. அடுத்தது 88 அல்லவா? 1 என்று கம்பீரமாக நின்றது! புதிய பிரிவு தொடங்கும்போது பக்க எண் முந்தைய பிரிவிலிருந்து தொடர வேண்டும் என்று குறிக்க மறந்திருக்கிறார்கள். சொன்னதும் ஒரு மணி நேரத்தில் திருத்தி அனுப்பினார்கள். அந்த மட்டில் நல்லவர்கள்.

வயிற்றெரிச்சல் நூற்பட்டியலில்தான். மேற்கோளையும் நூற்பட்டியலையும் எழுதுவதற்கு அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்த ஏபிஏ நடையின் ஏழாம் பதிப்பு வேண்டும் என்று படிவத்திலேயே எழுதியிருந்தேன். 2019இல் வந்த அந்தப் பதிப்பின்படி பதிப்பகத்தின் ஊர்ப்பெயர் தேவையில்லை. மூன்று ஆசிரியர்கள் இருந்தாலே, முதல்முறை மேற்கோள் காட்டும்போதே ஒருவர் பெயரோடு நிறுத்தி 'எட் ஆல்' (மற்றும் பிறர்) போட்டுவிடலாம். வந்த கோப்பிலோ பாதி நூல்களுக்கு ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. நான்கு பேர் எழுதிய கட்டுரையை முதலில் சுட்டிய இடத்தில் நால்வரும் வரிசைகட்டி நின்றார்கள். ஆறாம் பதிப்பின் பழைய அச்சில் வார்த்திருக்கிறார்கள். கேட்டதற்கு, நீங்கள் தந்ததை அப்படியே வைத்தோம் என்று பதில். நான் தந்த வரைவில் ஒரு ஊர்ப்பெயர்கூடக் கிடையாது!

கடைசியில் 163 நூல்களையும் நானே ஸொட்டேரோ என்ற நூற்பட்டியல் மென்பொருளில் ஏற்றி, விவரங்களைச் சரிபார்த்து முடிக்க இரண்டு இரவு ஆயிற்று. பக்க அமைப்புக்கு என்றால் மறுபடியும் அவர்களிடமே போவேன். நூற்பட்டியலை மட்டும் கண்ணில் காட்டமாட்டேன்.