நானோ குர்குமினும் நானோ வைட்டமின் டி-யும்: இரண்டு வருடத்துக்கு மேல் எடுத்த அனுபவம்

உடல் பருமனுக்காக நானோ வகை சப்ளிமென்ட்களை எடுக்க ஆரம்பித்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. முக்கியமாக இரண்டு: மஞ்சளிலுள்ள குர்குமினை மைசெல் என்ற மிக நுண்ணிய துளிகளுக்குள் அடைத்த கேப்சூல், நானோ எமல்ஷனாக, அதாவது நீரில் கலந்த நுண்துளிகளாக வரும் வைட்டமின் டி சொட்டுகள். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நானோ வகையில் உறிஞ்சுதல் கூடும் என்று தயாரிப்பாளர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் உறிஞ்சுதல் கூடினால் எடை குறையும் என்று நாமாக முடிச்சுப் போட்டுக்கொள்கிறோமே, அதற்கு ஆதாரம் போதாது. விளம்பரங்கள் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதால் வாங்குகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

குர்குமினின் பிரச்சினை எல்லோருக்கும் ஓரளவு தெரிந்ததுதான். தண்ணீரில் கரையாது. கொஞ்சம் உள்ளே போனாலும் குடல் சுவரும் கல்லீரலும் அதை உடனே வேறு பொருளாக மாற்றி வெளியேற்றிவிடும். 1998-ல் வந்த ஓர் ஆய்வில் 2 கிராம் குர்குமினோடு மிளகிலுள்ள பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, ரத்தத்தில் கிடைத்த அளவு 2000 சதவீதம் கூடியது. இன்றைக்கும் பல கேப்சூல்களில் பைப்பரின் இருப்பதற்கு இதுதான் காரணம். ஆனால் பைப்பரின் வேலை செய்கிற விதமே உடலின் சில என்சைம்களைத் தடுப்பதுதான். மற்ற மருந்துகளைச் சிதைப்பதிலும் அதே என்சைம்களுக்குப் பங்கு உண்டு. நான் ரத்த அழுத்தத்துக்குத் தினமும் மாத்திரை போடுகிறவன். டாக்டரிடம் பேசிவிட்டு பைப்பரின் இல்லாத மைசெல் வகைக்குப் போனேன்.

நானோ வகை வேறு வழியில் போகிறது. என்சைம்களைத் தொடாமல், பொருளைச் சின்னச் சின்னத் துளிகளுக்குள் அடைத்துவிடுகிறார்கள். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர். இந்த வகை எமல்ஷன் துளிகள் பெரும்பாலும் 20 முதல் 200 நானோமீட்டருக்குள் இருக்கும். உணவிலுள்ள கொழுப்பைப் பித்தநீர் இதே மாதிரிதான் மைசெல்களாக்கிக் குடலுக்குக் கொடுக்கிறது. உடல் செய்கிற வேலையை வெளியிலேயே முடித்துக் கொடுக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். 2014-ல் ஆரோக்கியமானவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், சாதாரணத் தூளைவிட மைசெல் வகையில் ரத்தத்தில் சராசரியாக 185 மடங்கு குர்குமின் பதிவானது.

விளம்பரங்கள் இந்த மாதிரி எண்களோடு நின்றுவிடும். அந்த ஆய்வில் அளந்தது, உடல் ஏற்கெனவே மாற்றிவிட்ட குர்குமினையும் சேர்த்த மொத்த அளவு. மாற்றமடையாத குர்குமின் அதில் சொற்பம்தான். மாறிய வடிவத்துக்கும் அதே பலன் உண்டா என்பது தனிக் கேள்வி. அதனால் 185 மடங்கு என்றால் 185 மடங்கு பலன் என்று படிக்கக் கூடாது.

அப்புறம் என் அனுபவம். தூள் கேப்சூல் எடுத்த நாட்களில் மலம் நன்றாக மஞ்சளாகப் போகும், ஏப்பத்தில் வாசனை வரும். மைசெலுக்கு மாறியபின் இரண்டும் பெருமளவு குறைந்தன. கேப்சூலைப் பிரித்துத் தண்ணீரில் விட்டால் தெளிந்த மஞ்சள் நீராகக் கலக்கிறது, தூள் அப்படியே அடியில் தங்கும். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அது உறிஞ்சுதலுக்குச் சான்று அல்ல. வெயில் காலத்தில் கேப்சூல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது ஒரு தொல்லை.

எடையைப் பொறுத்தவரை, சாப்பாட்டு அளவைக் குறைத்துத் தினமும் நடந்த மாதங்களில் இறங்கியது, அதை விட்ட மாதங்களில் நின்றது. குர்குமினை இடையில் நிறுத்திப் பார்த்தேன், எடை அதைக் கண்டுகொள்ளவே இல்லை. காலையில் மூட்டு விறைப்பு முன்னைவிடக் குறைவுதான், ஆனால் கொஞ்சம் எடை இறங்கியதாலேயே அது வந்திருக்கலாம்.

வைட்டமின் டி கதை வேறு. அது கொழுப்பில் கரைவது. பருமனானவர்களின் உடல்கொழுப்பு அதை உள்ளே இழுத்து வைத்துக்கொள்வதால் ரத்தத்தில் அளவு குறைவாகவே தெரியும். ஹார்மோன் மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டியின் 2011 வழிகாட்டுதல் எங்களைப் போன்றவர்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அளவு தேவைப்படலாம் என்றது. இங்கே 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது, பலனை எண்ணாகவே பார்க்கலாம். மாத்திரையில் நத்தை வேகத்தில் ஏறிய அளவு, டோஸை மாற்றாமலே சொட்டுகளுக்கு மாறியபின் நன்றாக ஏறியது. ஒருவனின் ரிப்போர்ட் எல்லோருக்கும் பொருந்தாது, ஆனாலும் நான் பணம் கொடுத்து வாங்கியதில் எனக்குத் திருப்தியான பொருள் இதுதான். எடை இதனாலும் குறையவில்லை. குறைபாடு சரியாவதற்காக எடுத்தேன், அது சரியானது.

உறிஞ்சுதல் சதவீதத்துக்கும் எடைக் குறைவுக்கும் நேரடி உறவு இல்லை என்பதற்கு நல்ல உதாரணம் செமாகுளுடைட் என்ற மருந்தின் மாத்திரை வடிவம். உறிஞ்சுதலுக்கு உதவும் பொருளைச் சேர்த்துச் செய்தும், விழுங்கியதில் சுமார் ஒரு சதவீதமோ அதற்கும் குறைவாகவோதான் ரத்தத்துக்குப் போகிறது. இருந்தும் 2023-ல் வெளியான ஆய்வில் 50 மில்லிகிராம் அளவில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது. மருந்தின் வீரியம்தான் முக்கியம். மறுபக்கம், குளூக்கோமன்னன் நார்ச்சத்து, கொழுப்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் ஆர்லிஸ்டாட் மருந்து போன்றவை குடலுக்குள்ளேயே இருந்து வேலை செய்கின்றன. அவற்றின் உறிஞ்சுதலைக் கூட்டுவதில் பொருளே இல்லை. ஆர்லிஸ்டாட் எடுப்பவர்கள் வைட்டமின் டி-யை இரண்டு மணி நேரம் தள்ளி எடுக்க வேண்டும்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது கல்லீரல். கிரீன் டீ சாற்றிலுள்ள ஈஜிசிஜி என்ற பொருள் சப்ளிமென்ட்டாக நாளுக்கு 800 மில்லிகிராமைத் தொட்டால் கல்லீரல் என்சைம்கள் உயரலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் சொன்னது. அந்தக் கணக்கு சாதாரணச் சாறுகளை வைத்துப் போட்டது. உறிஞ்சுதலைப் பல மடங்கு கூட்டிய நானோ வகைக்கு அதே எண்ணை வைத்துப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. மஞ்சள் சப்ளிமென்ட்களாலும் கல்லீரல் பாதிப்பு வந்திருக்கிறது. அமெரிக்காவில் மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்புகளைக் கண்காணிக்கும் குழு பதிவுசெய்த அப்படிப்பட்ட 10 பேரில் 7 பேருக்கு எச்எல்ஏ-பி 35:01 என்ற மரபணு வகை இருந்தது. பரிசோதித்த பொருட்கள் சிலவற்றில் மிளகுச் சத்தும் இருந்தது. நமக்கு அந்த மரபணு உண்டா என்பது பெரும்பாலோருக்குத் தெரியாது. அதனால் குர்குமின் எடுத்த காலம் முழுக்கக் கல்லீரல் பரிசோதனையை விட்டுவைக்கவில்லை. இதுவரை எல்லாம் சரியாகவே இருக்கிறது. சிறுநீர் கருமையானாலோ கண் மஞ்சளானாலோ அன்றே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

இப்போது குர்குமினை நிறுத்திவிட்டேன். சொட்டுகளை டாக்டர் சொன்ன குறைந்த அளவில் தொடர்கிறேன், ரத்தத்தில் கால்சியம் அளவையும் பரிசோதித்துப் பார்க்கிறார்கள். புதிதாக வாங்குகிறவர்கள் லேபிளில் மூன்று விஷயம் பாருங்கள்: துளியின் அளவு நானோமீட்டரில் போட்டிருக்கிறதா, பாலிசார்பேட் 80 மாதிரி எந்தப் பொருளை வைத்துக் கலந்திருக்கிறார்கள், உறிஞ்சுதலை அளந்தது மனிதர்களிடமா எலிகளிடமா. மூன்றுக்கும் பதில் இல்லாத பாட்டிலை நான் வாங்குவதில்லை.