முடிச்சு விழுந்தால் யார் அவிழ்ப்பது? நாடாளுமன்ற முறையும் அதிபர் முறையும்

சட்டம் இயற்ற நாடாளுமன்ற முறை நல்லதா, அதிபர் முறையா என்று ஒரு விவாத மேடையில் பக்கம் எடுத்துப் பேச வேண்டியிருந்தது. நான் நாடாளுமன்ற முறையின் பக்கம் நின்றேன். பேசி முடித்து இறங்கிய பிறகும் மனம் மாறவில்லை.

தெரிந்த விஷயங்களைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். நாடாளுமன்ற முறையில் அமைச்சர்கள் அவையின் பெரும்பான்மையிலிருந்தே வருகிறார்கள். அரசு கொண்டுவரும் மசோதா பெரும்பாலும் தேறிவிடும். அமெரிக்காவில் அதிபர் தனி, காங்கிரஸ் எனப்படும் நாடாளுமன்றம் தனி. இரு அவைகளும் ஒரே மசோதாவை நிறைவேற்ற வேண்டும். மேலவையான செனட்டில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போவதற்கே பல சமயம் 60 பேர் தேவை. அப்புறம் அதிபரின் கையெழுத்து. அவர் வீட்டோ செய்தால், அதாவது கையெழுத்திட மறுத்துத் திருப்பி அனுப்பினால், மீறி நிறைவேற்ற இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்.

சுமுகமாக இருக்கும்போது இரண்டுமே ஓடும். சண்டை வந்தால் வெளியே வர வழி இருக்கிறதா என்பதுதான் என் ஒரே அளவுகோல்.

2018 டிசம்பர் 22. மெக்சிகோ எல்லைச் சுவருக்கு 570 கோடி டாலர் கேட்டார் அதிபர் டிரம்ப். காங்கிரஸில் அது தேறவில்லை, செலவுக்கான சட்டமும் நின்றது, அரசின் ஒரு பகுதி மூடப்பட்டது. சுமார் 8 லட்சம் ஊழியர்களுக்குச் சம்பளம் இல்லை. விமான நிலையத்தில் பயணிகளின் பைகளைச் சோதித்தவர்கள் சம்பளமில்லாமலே வேலைக்கு வந்தார்கள். 35 நாள் கழித்து, சுவருக்குப் பணம் இல்லாமலே, மூன்று வாரத்துக்கான தற்காலிக நிதியோடு கதவு திறந்தது. சுவருக்குப் பணம் திரட்டப் பிப்ரவரியில் அதிபர் அவசரநிலை அறிவித்தார். அதை ரத்து செய்ய இரு அவைகளும் தீர்மானம் போட்டன, அவர் வீட்டோ செய்தார், அதை முறியடிக்கப் போதிய வாக்கு இல்லை. அதிபருக்கும் பதவிக்காலம் நிச்சயம், காங்கிரஸுக்கும் நிச்சயம். அடுத்த தேர்தல் தேதி வரும்வரை ஒருவரை ஒருவர் அசைக்க முடியாது.

இப்போது பிரிட்டன், 1979 மார்ச் 28 இரவு. பெரும்பான்மை இழந்து தடுமாறிக்கொண்டிருந்த பிரதமர் காலகனின் அரசு மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம். மரணப்படுக்கையில் இருந்த ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவரால் வர முடியவில்லை. 311க்கு 310, ஒரே ஒரு வாக்கில் அரசு கவிழ்ந்தது. 36 நாளில் மக்கள் வாக்களித்துப் புதிய அரசைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு கட்சிக்கு அது பேரிழப்புதான். ஆனாலும் நாடு முடிச்சோடு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. இந்த ஒரு விஷயத்துக்காகவே என் தேர்வு நாடாளுமன்ற முறை.

அவைகளுக்குள்ளேயே சண்டை வந்தால்? அதற்கும் வழி உண்டு. பிரிட்டனில் மேலவை ஒரு சாதாரண மசோதாவை ஏறக்குறைய ஓராண்டுதான் தாமதப்படுத்த முடியும். இந்தியாவில் அரசமைப்பின் 108ஆவது பிரிவின்படி கூட்டுக் கூட்டம் கூட்டலாம். 1961இல் வரதட்சணைத் தடை மசோதா அப்படித்தான் நிறைவேறியது.

சரி, இதற்கு ஒரு விலை உண்டு, மறைக்கக் கூடாது. தடையில்லாத வேகம் ஆபத்தானது. 2020இல் மூன்று வேளாண் சட்டங்கள் முதலில் அவசரச் சட்டங்களாக வந்தன, செப்டம்பரில், மசோதாக்களை ஆராயும் தேர்வுக் குழுவுக்குப் போகாமலே நிறைவேறின. ஓராண்டுக்கு மேல் நடந்த போராட்டத்துக்குப் பிறகு, 2021 நவம்பர் 29 அன்று ஒரே நாளில் இரு அவைகளிலும் விவாதமின்றி ரத்தாயின. போடும்போது குழு ஆய்வு இல்லை, எடுக்கும்போது விவாதமே இல்லை என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. இங்கே அதிபர் முறையின் மந்தம் ஒரு காவலாக இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

பல கட்சிகள் சேர்ந்தால்தான் அரசு என்ற நாடுகளில் என் வாதத்தை அடித்துச் சொல்லத் தயக்கம்தான். பெல்ஜியத்தில் 2010 தேர்தலுக்குப் பிறகு அரசு அமைக்க 541 நாள் ஆனது. ஆனால் அத்தனை நாளும் காபந்து அரசு நிர்வாகத்தை நடத்தியது, அரசு அலுவலகங்கள் மூடப்படவில்லை.